திடீர்ச் சதையியழற்சியும் நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்துகளும்

உடலைக் காப்பதற்கென அமைந்த நிர்ப்பீடனத் தொகுதியே சில வேளைகளில் உடலுக்குக் கேடு விளைவிக்கின்றது. அவ்வாறாயின், அதனை மருந்தினால் அடக்கி நோயாளியைக் காப்பாற்ற முடியாதா என்னும் வினா எழுவது இயல்பே. திடீர்ச் சதையியழற்சியைப் பொறுத்தவரை இவ்வினா எத்துணைச் சிக்கலானது என்பதை இங்கு நோக்குவோம்.

கணையம் எனவும் வழங்கும் சதையி, இரைப்பைக்குப் பின்னால் அமைந்த சுரப்பியாகும். உணவைச் சமிக்கச் செய்யும் நொதியங்கள் பலவற்றை அது செயலற்ற நிலையிலேயே சுரக்கின்றது. அவை சிறுகுடலை அடைந்த பின்னரே செயற்படத் தொடங்கும். பித்தக்கல்லோ மதுசாரமோ இவ்வொழுங்கைக் குலைக்கும்போது, திரிப்சின் முதலிய நொதியங்கள் சுரப்பிக்குள்ளேயே செயற்பட்டு அதன் இழையங்களைச் சிதைக்கின்றன. சதையி தன்னைத் தானே சமிக்கச் செய்கின்றது என்னும் இக்கருத்தை ஹான்ஸ் கியாரி 1896இல் முன்வைத்தார்.

ஆயின் நோயாளியின் உயிருக்கு ஆபத்து விளைவிப்பது இச்சிதைவு மட்டுமன்று. சிதைந்த கலங்களை நோக்கி வெண்குழியங்கள் திரள்கின்றன. அவை விடுக்கும் இன்டர்லூக்கின் முதலிய பதார்த்தங்கள் குருதியிற் கலந்து உடலெங்கும் அழற்சியைப் பரப்புகின்றன. நுரையீரலும் சிறுநீரகமும் முதல் வாரத்திலேயே செயலிழக்கலாம். இக்கட்டத்தில் நிர்ப்பீடனத்தை அடக்குவது பயன்தரும் எனக் கருதுவதில் நியாயம் உண்டு. தக்ரோலிமஸ் போன்ற மருந்துகள் ஆய்வுகூட எலிகளில் இவ்வழற்சியைக் குறைத்தும் உள்ளன.

மனிதரிலோ காலம் குறுக்கிடுகின்றது. எலியின் நோய் தொடங்கும் நேரத்தை ஆய்வாளர் அறிவார். நோயாளியோ வலி தொடங்கிப் பல மணி நேரத்தின் பின்னரே வைத்தியசாலையை அடைகின்றார். அழற்சியைத் தூண்டும் பதார்த்தமொன்றைத் தடுக்கும் லெக்சிபபாண்ட் என்னும் மருந்தை 290 நோயாளரிற் பரிசோதித்த பிரித்தானிய ஆய்வு 2001இல் வெளியாயிற்று. எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. மருந்தைப் பெறுமுன்னரே அவர்களுள் 44 சதவீதத்தினரின் உறுப்புகள் செயலிழக்கத் தொடங்கியிருந்தன.

பிந்துவதில் வேறோர் ஆபத்தும் உண்டு. முதல் வாரங்கள் கழிந்ததும் நிர்ப்பீடன ஆற்றல் தளர்வுறுகின்றது. இறந்த இழையங்களிற் குடற் பற்றீரியாக்கள் தொற்றுகின்றன. முன்னர் துணையாகக்கூடிய மருந்து, இப்போது தொற்றுக்கே துணைபோகும். இவ்வகை மருந்துகளுள் ஒன்றான அசாதையோபிரீன், சிலரில் இந்நோயையே தோற்றுவிப்பதும் இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது.

விதிவிலக்கொன்றை நாம் பிரித்தறிதல் வேண்டும். நிர்ப்பீடனம் சதையியையே தாக்குவதால் உண்டாகும் தன்னெதிர்ப்புச் சதையியழற்சிக்கு, யப்பானிய மருத்துவர் 1995இல் அப்பெயரிட்டனர். ஸ்டெரொயிட் மருந்துகள் அதனை நன்கு தணிக்கின்றன. அங்கு நிர்ப்பீடனமே நோயின் மூலம். பித்தக்கல்லாலும் மதுசாரத்தாலும் வரும் நோயிலோ அது பின்விளைவு. ஒன்றிற் கண்ட வெற்றியை மற்றதற்கு ஏற்றிக் கூறுதல் தவறாகும்.

ஆகவே, திடீர்ச் சதையியழற்சிக்கு நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்தெதுவும் இன்னும் நிலைபெற்ற சிகிச்சையாகவில்லை. நாளம் வழியாக அளவறிந்து திரவமேற்றல், வலி தணித்தல், இயன்றவரை விரைவில் உணவூட்டல், செயலிழக்கும் உறுப்புகளைத் தாங்குதல் என்பனவே இன்றைய சிகிச்சையின் அடிப்படை. எந்த மருந்து என்பதோடு, எந்த மணித்தியாலத்தில் என்பதும் வினாவாகின்றது. நாளை தகுந்த மருந்து கிடைப்பினும், நோயாளி காலந்தாழ்த்தாது வைத்தியசாலையை அடைய வழியில்லாத இடத்தில் அதனாற் பயனில்லை.