பிணம் விழாத மர்ம நாவல்: சாமி சிலை எங்கே போச்சு?

கோவை,

"ஏனுங்க, சாமி இந்த வருசம் லேசா இருக்குதுங்களே!"

திருவிழாச் சப்பரத்தைத் தூக்கிய ஆள் ஒருவன் தோள் மாற்றிக்கொண்டே இப்படிச் சொல்கிறான். கூட இருந்தவர்களுக்குச் சிரிப்பு. "ஊட்டுல கறிச்சோறு பலமாட்ட இருக்குது" என்று கேலி வேறு. ஒரே ஒருத்தர் மட்டும் சிரிக்கவில்லை. கணபதி பக்கம் ஒரு பவுண்டரியில் 35 வருஷம் மோல்டராக இருந்து ரிட்டயரான பெரியவர் அவர். சிலையையே உற்றுப் பார்க்கிறார். அவர் முகம் மாறுகிறது.

இது நடந்த சம்பவம் அல்ல. கொங்கு நாட்டுக் கிராமம் ஒன்றை வைத்து யாராவது சிலைத் திருட்டு நாவல் எழுத உட்கார்ந்தால், முதல் அத்தியாயம் இப்படித் தொடங்கலாம்.

மர்ம நாவல் கோவைக்குப் புதுச்சரக்கா என்ன? 1,500 நாவல்களுக்கு மேல் எழுதித் தள்ளிய ராஜேஷ்குமார் இந்த ஊர்க்காரர்தான். அவருடைய விவேக்கையும் ரூபலாவையும் பஸ்சில் தொங்கிக்கொண்டே படித்து முடித்தவர்கள் எத்தனை பேர்! ஆனால் இங்கே பேசுவது வேறு ரகம். சின்ன ஊர், ஒருத்தரை ஒருத்தர் தெரிந்த ஜனங்கள், போலீஸ் வேலை தெரியாத சாதாரண ஆள் துப்பு துலக்குவது. கத்திக்குத்து, கற்பழிப்பு, துரத்தல் எதுவும் கிடையாது. வெள்ளைக்காரர்கள் இந்த ரகத்துக்கு அகதா கிறிஸ்டியைக் கை காட்டுவார்கள். 1930-ல் வந்த அவருடைய நாவலில் மிஸ் மார்ப்பிள் என்ற கிழவி, தோட்டத்தில் நின்று அக்கம்பக்கத்தைக் கவனித்தே ஆளைப் பிடித்துவிடுவாள். (அங்கேயும் பிணம் விழும். ஆனால் ரத்தம் நம் சட்டையில் தெறிக்காது.)

தமிழிலும் இதற்கு ஒரு பெரியப்பா உண்டு. 1940-களில் தேவன் எழுதிய துப்பறியும் சாம்பு! பேங்க் குமாஸ்தா வேலை போய், அதிர்ஷ்டத்தாலேயே துப்பறிவாளன் ஆனவன். குமாஸ்தாக்கள் காலரைத் தூக்கிவிட்டுக் கொள்ளலாம்.

பவுண்டரி மூளை

சிலைத் திருட்டுக்கு ஏன் பவுண்டரிக்காரர்? காரணம் இருக்கிறது.

கோவையில் பம்ப்செட்டுக்கு வார்ப்படம் போடும்போது, ஒரே பேட்டர்னை மணலில் பதித்துப் பதித்து ஆயிரம் உருப்படி எடுக்கலாம். சுவாமிமலைச் சிலை வேலை அப்படி இல்லை. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவத்தைச் செய்து, அதன்மேல் வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்துச் சூடு காட்டுவார்கள். மெழுகு உருகி ஓடிவிடும். அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறினதும் மண் அச்சை உடைத்தால்தான் சாமி வெளியே வரும். அச்சும் போச்சு, மெழுகும் போச்சு. அதனால் ஒரு சிலை மாதிரி அச்சு அசலாக இன்னொன்று வராது. விரல் நுனியிலோ, பீடத்தின் விளிம்பிலோ ஏதாவது வித்தியாசம் காட்டிக்கொடுக்கும்.

பழைய உற்சவர் சிலைகள் பெரும்பாலும் உள்ளே பொள்ளல் இல்லாத முழு வார்ப்பு. நல்ல கனம். நாவலில் வரும் திருடன் அங்கேதான் கோட்டை விடுகிறான். உலோகத்தை மிச்சம் பிடிக்க நினைத்து, போலிச் சிலையை உள்ளே பொள்ளலாக வார்த்து வைத்துவிட்டான். கண்ணை ஏமாற்றியாச்சு, தோளை ஏமாற்ற முடியவில்லை!

நிஜத்திலேயே மாற்றினார்கள்

அசலை எடுத்துக்கொண்டு போலியை வைப்பது வெறும் கற்பனை அல்ல. பழைய தஞ்சை மாவட்டத்துச் சிவபுரத்தில் நடந்ததே அதுதான். அங்கே 1951-ல் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த நடராஜரைப் பழுது பார்க்கக் கொடுத்தார்கள். திரும்பி வந்தது போலி! ஊர் ஜனங்கள் அதைத்தான் கும்பிட்டுக் கொண்டிருந்தார்கள். பிரிட்டிஷ் மியூசியத்து டக்ளஸ் பாரெட், 1965-ல் சோழர் சிலைகளைப் பற்றி வெளியிட்ட புத்தகத்தில் குட்டு வெளிப்பட்டது. அசல் நடராஜரை 1973-ல் அமெரிக்கக் கோடீஸ்வரர் நார்ட்டன் சைமனின் அறக்கட்டளை சுமார் 9 லட்சம் டாலருக்கு வாங்கியது. இந்தியா வழக்குப் போட்டு, பிறகு சமரசமாகி, 1986-ல்தான் சாமி நாடு திரும்பினார்.

லண்டன் கோர்ட்டில் கரையான்

அடுத்தது பத்தூர் நடராஜர். 1976-ல் ஒரு கூலித் தொழிலாளி மண் வெட்டும்போது கிடைத்தவர். சொற்பப் பணத்துக்குக் கை மாறி, கடைசியில் லண்டனில் கனடா நாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு இரண்டரை லட்சம் பவுனுக்கு விலை போனார். லண்டன் போலீசார் சிலையைக் கைப்பற்றினார்கள். 'இது பத்தூர்ச் சாமிதான்' என்று நிரூபிப்பது எப்படி?

தொல்பொருள் அறிஞர் இரா. நாகசாமி கோர்ட்டில் சாட்சி சொன்னார். அது மட்டுமா? சிலையில் ஒட்டியிருந்த மண்ணை ஆராய்ந்தவர்கள், உலோக நிபுணர்கள், பூச்சி நிபுணர்கள் என்று வரிசையாகக் கூண்டேறினார்கள். சிலைமேல் கரையான் கட்டிய மண் தடம் கூட விசாரணைக்கு வந்தது! எந்தத் துப்பறியும் கதாசிரியருக்கு இது தோன்றும்? 1988-ல் தீர்ப்பு கோயில் பக்கம். 1991-ல் அப்பீலிலும் அதுவே உறுதியானது. இடிந்து கிடந்தாலும் கோயில் வழக்காடலாம் என்று லண்டன் கோர்ட்டு ஒப்புக்கொண்டது.

போட்டோ சொன்ன சாட்சி

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் 2006-ல் திருடர்கள் கைவரிசை காட்டினார்கள். பூட்டிக் கிடந்த கோயில். சாமி போனது 2008 வரை வெளியே தெரியவில்லை! அதே 2008-ல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் நடராஜரைச் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. விற்றவர் நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் முன்பே எடுத்து வைத்திருந்த போட்டோவும், கலைக்கூடத்தில் நின்ற சிலையும் ஒன்றாக இருந்தன. குட்டு உடைந்தது. 2014-ல் நடராஜர் திரும்பினார். கபூர் 2011-ல் ஜெர்மனியில் பிடிபட்டு, 2012-ல் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டார். 2022-ல் கும்பகோணம் கோர்ட்டு வேறொரு சிலைத் திருட்டு வழக்கில் அவருக்கு 10 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது.

ஆக, திருடியவன் யார் என்பது பாதிக் கதைதான். 'எங்க சாமிதான் இது' என்று காட்டுவதற்குக் கையில் என்ன இருக்கிறது என்பதில்தான் கதை விறுவிறுப்பாகிறது. 100 வருஷத்துக்கு மேற்பட்ட சிலையை வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ம் ஆண்டுச் சட்டம் தடை போடுகிறது. கடத்தல்காரன் என்ன செய்கிறான்? 'புதுசாகச் செய்த கைவினைப் பொருள்' என்று எழுதிக் கப்பலேற்றி விடுகிறான். கோயிலில் பழைய படம் இல்லாவிட்டால் அவன் சொன்னதுதான் சட்டம்! 'போட்டோ எடுக்கக் கூடாது' என்ற போர்டு பக்திக்குச் சரி. துப்பு துலக்குகிறவனுக்கு அதைவிடப் பெரிய வில்லன் கிடையாது.

சாமியே திருடிய ஊர்

கொங்கு நாட்டுக்காரர் இந்த நாவலை எழுதினால் இன்னொரு வசதி. திருட்டுக் கதை இங்கே தலபுராணத்திலேயே இருக்கிறது. சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னோடு வந்த சுந்தரரை, திருமுருகன்பூண்டியில் வேடர்கள் மறித்துப் பறித்தார்கள். வேடர் வேஷத்தில் வந்தது சிவபூதங்கள், ஏவியது சிவனே! சுந்தரர் உரிமையோடு கோபித்துப் பாடி, பொன்னைத் திரும்ப வாங்கினார். துப்புக் கொடுத்தது பக்கத்தில் இருந்த கூப்பிடு பிள்ளையார் என்பார்கள். அவிநாசியிலிருந்து திருப்பூர் போகிற பஸ்சில் ஏறினால் பூண்டியில் இறங்கலாம். வேடுபறித் திருவிழா அங்கே இன்றைக்கும் உண்டு.

கடைசி அத்தியாயம்

நாவலின் முடிவுக்கு வருவோம். சிலை வெளிநாட்டில் இருப்பது தெரிந்துவிட்டது. கோயிலில் படம் இல்லை, ரிஜிஸ்தரில் 'நடராஜர் 1' என்று ஒரே வரி. பெரியவர் வீடு வீடாக ஏறி இறங்குகிறார். கோயில் வாசலில் பூக்கட்டும் அம்மிணி டிரங்குப் பெட்டியைத் திறந்து, தன் கல்யாணப் போட்டோவை எடுத்து நீட்டுகிறாள். மாலையும் கழுத்துமாக இரண்டு பேர். பின்னால், திறந்திருந்த கதவு வழியே, நடராஜர்! இடது கைச் சுண்டுவிரல் நுனி மழுங்கியிருப்பதுகூடத் தெரிகிறது.

அதற்கப்புறம்? நிஜத்தில் திரும்பிவந்த சிலைகள் பல, சொந்த ஊருக்குப் போகாமல் அரசு பாதுகாப்பு மையத்தில் பூட்டுக்குள் இருக்கின்றன. நாவலாசிரியர் மனசு வைத்தால் சாமியை ஊருக்கே கொண்டுவரலாம். சப்பரம் தூக்குகிறவன் மறுபடியும் தோள் மாற்றுவான்.

"இப்பத்தானுங்க சாமி கனமா இருக்குது!"