12 வோல்ட்டுக்கும் தடித்த ஒயர்

"12 வோல்ட் தானே சார், ஷாக்கே அடிக்காது" என்று மாணவர்கள் எல்.இ.டி. பட்டைக்கு மெல்லிய ஒயரை எடுக்கும்போதெல்லாம் தடுத்துவிடுவேன். ஒயரைச் சுடவைப்பது ஆம்பியர். 60 வாட் விளக்கு 230 வோல்ட்டில் கால் ஆம்பியர் சொச்சம்தான் இழுக்கும். 12 வோல்ட்டிலோ 5 ஆம்பியர்.

அரை ஸ்கொயர் (சதுர மி.மீ.) செம்பு ஒயரை 5 மீட்டர் இழுத்தால், போக வர 10 மீட்டர். வழியிலேயே சுமார் 1.7 வோல்ட் போய்விடும், விளக்கு மங்கும். 8 வாட்டுக்கு மேல் ஒயரிலேயே சூடாகிறது. நீளவாக்கில் பரவினால் கைக்குத் தெரியாது. மிச்ச ஒயரைச் சுருட்டி ஃபால்ஸ் சீலிங்குக்குள் திணிப்பதுதான் எனக்குப் பயம். பிவிசி உறை இளகக்கூடும்.

ஒன்றரை ஸ்கொயர் போடுங்கள், இழப்பு மூன்றில் ஒன்றாகும். 24 வோல்ட் பட்டையென்றால் அதே ஒயரில் ஆம்பியர் பாதி, சூடு கால்வாசி. 7.5 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றை, பவர் சப்ளையை ஒட்டியே வையுங்கள்.