மரம் கம்பியைத் தின்னுமா?
வேலிக்கு நிற்கும் வேம்பும், கிணற்றில் முளைக்கும் அரசும்

வரப்போரத்து வேம்பில் எப்போதோ கட்டிய முள்கம்பி, ஒரு பக்கம் பட்டைக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வருவதைப் பார்த்திருப்பீர்கள். 'கம்பியை மரம் தின்னுடுச்சு' என்று சொல்வோம். உண்மையில் மரம் எதையும் தின்பதில்லை; மூடி வைக்கிறது. மூடியது, மரத்தை அறுக்கும் நாள் வரை உள்ளேயே கிடக்கும்.

எப்படி மூடுகிறது?

பட்டைக்கு அடியில் மெல்லிய வளர்படலம் ஒன்று உண்டு. மரம் பருப்பது அங்கிருந்துதான். அந்தப் படலம் உள்பக்கம் புதுக் கட்டையையும் வெளிப்பக்கம் புதுப் பட்டையையும் உண்டாக்கிக்கொண்டே இருக்கும். குறுக்கே கம்பி இருந்தால், அதன் மேலும் கீழும் சதை உதடுபோலப் புடைத்து, நாளடைவில் இரண்டும் சேர்ந்துவிடும். நீள வளர்ச்சி கிளை நுனியில் மட்டுமே நடக்கும். அதனால் நாலடி உயரத்தில் அடித்த ஆணி, மரம் நாற்பது அடி வளர்ந்தாலும் நாலடியிலேயே இருக்கும்.

நஷ்டம் எங்கே?

ஆணியும் கம்பியும் ஏறுவது பெரும்பாலும் அடிமரத்தில். நல்ல விலை கிடைப்பதும் அந்த அடிமரத்துக்குத்தான். அறுக்கும்போது உள்ளே இரும்பு பட்டால் வாளின் பல் போய்விடும். தெறிக்கும் துண்டு ஆளையும் காயப்படுத்தும். துவர்ப்புச் சத்துள்ள மரங்களில் இரும்பைச் சுற்றிக் கட்டை கறுத்துவிடும். வியாபாரி விலையைக் குறைக்க இது போதும்.

சுற்றிக் கட்டிய கம்பி இதைவிட ஆபத்தானது. இலை தயாரிக்கும் உணவு, பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. மரம் பருக்கப் பருக்கக் கம்பி இறுகி அந்த வழியை அடைக்கும். கம்பிக்கு மேலே மட்டும் தண்டு வீங்கியிருந்தால் அதுதான் அறிகுறி. அந்த மரம் மெல்ல வாடும், அல்லது காற்றில் அந்த இடத்திலேயே முறியும்.

என்ன செய்யலாம்?

* விலைக்குப் போகும் மரத்தை வேலிக்காலாக்க வேண்டாம். மரத்திலிருந்து சற்றுத் தள்ளிக் கல்கால் நடுங்கள். உயிர்வேலி வேண்டுமென்றால் கிளுவை போதும்.
* சுற்றிய கம்பி முழுதாகப் புதையவில்லை என்றால், இரண்டு மூன்று இடத்தில் வெட்டி, சுலபமாக வருவதை மட்டும் எடுங்கள்.
* முழுதாகப் புதைந்ததைத் தோண்டினால் காயம்தான் பெரிதாகும். இருபுறமும் பட்டையை ஒட்டி நறுக்கிவிட்டு, அந்த உயரத்தில் பெயின்ட் அடையாளம் வையுங்கள். வெட்ட வருபவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.
* கன்றுக்கு முட்டுக் கொடுக்கக் கம்பி வேண்டாம். சணல் அல்லது பழைய டியூப் பட்டையால் தளர்வாகக் கட்டி, அவ்வப்போது அவிழ்த்து மாற்றுங்கள்.

கிணற்றுச் சுவரில் அரசு

மரத்தில் நாம் இரும்பைச் சேர்க்கிறோம். கட்டடத்தில் பறவை மரத்தைச் சேர்க்கிறது. அரசு, ஆல், அத்திப் பழங்களைத் தின்னும் மைனா, குயில், வௌவால் எல்லாம் எச்சத்தோடு விதையையும் போட்டுவிட்டுப் போகும். கடுகைவிடச் சிறிய அந்த விதைக்குச் சுவர் இடுக்கில் கொஞ்சம் மண்ணும் ஈரமும் போதும். வேர் நூல்போல நுழைந்து, அடிமரம் போலவே ஆண்டுதோறும் பருத்துக் கல்லை நகர்த்தும்.

கம்போடியாவில் 12-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட தா புரோம் கோயில் இதற்குப் பெரிய சாட்சி. ஆள் நடமாட்டம் நின்றபின் காடு உள்ளே வந்தது. பிரம்மாண்டமான வேர்கள் சுவர்களைப் பிளந்தன. பல இடங்களில் அதே வேர்கள்தான் சுவரைத் தாங்கியும் நிற்கின்றன. அதனால் மரத்தை வெட்டினால் சுவர் விழும், விட்டாலும் விழும். அங்கே சீரமைப்பில் நம் இந்தியத் தொல்லியல் துறையும் பங்கெடுத்திருக்கிறது.

பழைய கிணற்றுக்கும் அதே கணக்குதான். சாண் உயரச் செடியை, மழை முடிந்து சுவர் ஈரமாக இருக்கும்போது வேரோடு உருவி, இடுக்கைக் கலவையால் அடைத்துவிடலாம். செலவு ஒரு சட்டி சிமென்ட். கை பருமன் ஆனபின் கயிறு கட்டி இழுத்தால் கல்லும் சேர்ந்து வரும். கோடையில் தண்ணீர் இறங்கியதும், விவரம் தெரிந்த கொத்தனாரை வைத்துக் கல்லைப் பிரித்து, வேரை எடுத்து, மறுபடி கட்டுவதே வழி. சுவர் உப்பியிருந்தால் உள்ளே யாரும் இறங்க வேண்டாம். களைக்கொல்லி, அமிலம் ஊற்றுவதும் வேண்டாம். அந்தத் தண்ணீரைத்தான் மாடும் மனிதரும் குடிக்கிறோம்.

வாசகர் கேள்வி

'அரசங்கன்றைப் பிடுங்கினால் பாவம் என்கிறார்களே?'

பிடுங்கியதைத் தூக்கி எறிய வேண்டாம். வேர் அறுபடாத கன்றைப் பையில் வைத்து நிழலில் தேற்றி, கிணற்றுக்கும் வீட்டுக்கும் எட்டாத பொது இடத்தில், ஊரைக் கேட்டு நடுங்கள். கிணறும் பிழைக்கும், மரமும் பிழைக்கும்.