உஷார்! வீட்டுக்கும் சேர்த்து ஃபீஸ் வாங்கும் டிரஸ்டி

குடும்பச் சொத்தை டிரஸ்டில் போட்டுவிட்டால் பிள்ளைகளுக்குள் சண்டை வராது என்கிறார் வங்கிக்காரர். ஆடிட்டரும் தலையாட்டுகிறார். கையெழுத்துப் போடும் முன் டிரஸ்ட் டீடில் ஒரே ஒரு பத்தியைத் தேடிப் பிடித்துப் படியுங்கள்: டிரஸ்டிக்கு எவ்வளவு ஃபீஸ், எதன் மேல் ஃபீஸ்?

அந்த 'எதன் மேல்' என்பதில்தான் ஆபத்து. உதாரணத்துக்கு, மயிலாப்பூரில் 3 கோடி மதிப்புள்ள வீடு. அம்மா குடியிருக்கிறார், வாடகை வருமானம் கிடையாது. வங்கியில் 2 கோடி டெபாசிட். 'மொத்தச் சொத்து மதிப்பில் ஆண்டுக்கு 1%' என்று டீடில் இருந்தால் ஃபீஸ் 5 லட்சம், 18% ஜி.எஸ்.டி. சேர்த்தால் 5.90 லட்சம். 7% வட்டி என்று வைத்தாலும் டெபாசிட்டில் வருவது 14 லட்சம்தான். வருமான வரி கட்டும் முன்பே அதில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் போயாச்சு! வீட்டை விட்டுக் கணக்குப் போட்டிருந்தால் 2.36 லட்சத்தோடு முடிந்திருக்கும். அம்மா தன் வீட்டில் குடியிருக்க, டிரஸ்டிக்கு ஃபீஸ். ஏரியாவில் நிலம் விலை ஏறினால் இதுவும் ஏறும்.

'நிறுவனத்தின் அவ்வப்போதைய கட்டணப்படி' என்ற வரி கண்ணில் பட்டால் அடித்துவிடச் சொல்லுங்கள். தொகையோ உச்சவரம்போ எண்ணில் இருக்க வேண்டும்.

சட்டம் உங்கள் பக்கம்தான். 1882-ம் ஆண்டு இந்திய டிரஸ்ட் சட்டத்தின் 50-வது பிரிவின்படி, ஃபீஸ் உண்டு என்று டீடில் சொல்லியிருக்க வேண்டும். இல்லையென்றால் பொறுப்பேற்கும்போதே பயனாளியோடோ நீதிமன்றத்தோடோ ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் சாதாரண டிரஸ்டி உழைப்புக்குக் கூலி கேட்க முடியாது. கைக்காசு செலவழித்திருந்தால் அதை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். சில வருஷம் கழித்து 'மாதம் ஏதாவது போட்டுக் கொடுங்கள்' என்று டிரஸ்டியாக இருக்கும் சித்தப்பாவே கேட்டாலும் அதுதான் விதி. (சித்தியின் முகத்தை யார் பார்ப்பது என்பது வேறு விஷயம்.)

டிரஸ்ட் பணத்தை மியூச்சுவல் ஃபண்டின் ரெகுலர் பிளானில் போட்டு, கமிஷன் டிரஸ்டியின் குழும நிறுவனத்துக்கே போகிறதா என்றும் பாருங்கள். கமிஷன் இல்லாத டைரக்ட் பிளான் 2013 ஜனவரியிலிருந்தே இருக்கிறது.

ஏற்கெனவே கையெழுத்தாகிவிட்டதா? 57-வது பிரிவைக் காட்டி டீடையும் கணக்குகளையும் நகல் கேளுங்கள். பயனாளிகள் எல்லோரும் மேஜராகி, ஒரே மனதாக இருந்தால், சொத்தை எங்களிடமே ஒப்படை என்று கேட்கும் உரிமையை 56-வது பிரிவு தருகிறது. இதைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசினால் ஃபீஸ் இறங்க வாய்ப்பு உண்டு. ஒரு பேரப்பிள்ளை மைனராக இருந்தாலும், ஒரு மைத்துனர் முறைத்துக்கொண்டாலும் இந்த வழி அடைபட்டுவிடும். அதோடு, வெளியேறும் கட்டணம் என்று டீடின் கடைசிப் பக்கங்களில் ஏதாவது ஒளிந்திருக்கிறதா, வீடு கைமாறினால் முத்திரைத்தாள் செலவு எவ்வளவு என்பதை வக்கீலிடம் கேட்ட பிறகே கடிதம் போடுங்கள்.