வைக்கோலிலிருந்து அட்டைக் காகிதம்

நெல் அறுவடை முடிந்ததும் மிகுந்து கிடக்கும் வைக்கோலைக் கொளுத்தும் வழக்கம் இன்றும் பல இடங்களில் காணப்படுகிறது. இதனால் அதிலுள்ள தழைச்சத்து ஏறக்குறைய முழுவதும் புகையோடு போய்விடுகிறது. அந்த வைக்கோலே அட்டைக் காகிதத்திற்கு மூலப்பொருளாகும் என்பதைக் குடியானவர்கள் அறிந்திருத்தல் நலம்.

எழுதும் காகிதம் சதுர மீட்டருக்குச் சாதாரணமாக 60 முதல் 80 கிராம் நிறையுள்ளது. சுமார் 200 கிராமுக்கு மேற்பட்டதை அட்டை என்பர்.

செய்முறை: வைக்கோலைத் தூசி போக உதறி, ஓர் அங்குலத் துண்டுகளாக நறுக்கி, சுண்ணாம்பு நீரில் ஊறவைத்துப் பல மணி நேரம் வேகவைக்க வேண்டும். நார்களைப் பிணைத்து நிற்கும் பொருளைச் சுண்ணாம்பு இளக்குகிறது. வெந்ததைக் கழுவி, இடித்துக் கூழாக்கித் தொட்டி நீரில் கலக்கிச் சல்லடைச் சட்டத்தால் அள்ளினால், நீர் வடிந்து நார் தாளாகப் படியும். ஈரத்தாள்கள் சிலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்து அழுத்தினால் அவை ஒட்டிப் பருமனான அட்டையாகும். கோணாதிருக்கப் பாரம் ஏற்றி உலர்த்துதல் வேண்டும். சுண்ணாம்புக் கழுநீரை வாய்க்காலில் விடலாகாது.

உபயோகம்: நெல் வைக்கோலின் நார் குட்டையானது, மணற்சத்தும் மிகுதி. ஆகையால் அதன் அட்டை மடித்தால் ஒடியும். புத்தகக் கட்டடத்திற்கும் பெட்டிகளுக்கும் அதுவே போதும். மடிக்க வேண்டிய அட்டைக்குப் பழைய பருத்திக் கந்தையோ வாழை நாரோ சேர்த்தல் அவசியம். அழைப்பிதழ் முதலியவற்றை அச்சிட வேண்டின், நார் பெயராமலும் மை ஊறிப் பரவாமலும் இருக்கக் கஞ்சிப்பசை பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகிடுவர். இயந்திர அட்டையில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படிந்திருக்கும். அத்திசை புத்தக முதுகுக்கு இணையாக அமையாவிடில், பசையின் ஈரத்தால் மேலட்டை கோணிப்போகும்.

எச்சரிக்கை: மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த வைக்கோலின் நார் இற்றுவிடுமாதலால் அட்டைக்கு உதவாது. உலர்ந்ததை மேட்டில் போராக வேய்ந்து காத்தல் வேண்டும். மேலும், நெற்பயிர் எடுக்கும் சாம்பற்சத்தின் பெரும்பகுதி வைக்கோலிலேயே தங்குகிறது. வைக்கோலை விற்பவர் அச்சத்தையும் உடன் விற்கிறார். ஆகவே தொழுவுரமும் சாம்பலும் இட்டு அதை நிலத்திற்கு ஈடுசெய்தல் கடமை.

முதற்கண் கால்நடைகளுக்கு ஓராண்டுத் தீவனத்தை ஒதுக்கி, எஞ்சியதை மாத்திரம் அட்டைக்கு அளிப்பவரே லாபம் அடைவர். மாட்டின் வாயிலிருந்து பிடுங்கி விற்கும் வைக்கோல், கோடையில் இருமடங்கு விலைக்கு வாங்க நேரிடும்.