இலண்டனில் ஓர் அயல்நாட்டு மாணவர்

அயல்நாட்டு நகரில் பயிலச் செல்லும் மாணவருக்கு முதல் தேர்வு உணவிலேயே தொடங்கிவிடுகிறது. 1888இல் சட்டம் பயில இலண்டன் சென்ற காந்தியடிகள், புலாலும் மதுவும் தீண்டேன் எனத் தாயாருக்கு வாக்களித்திருந்தார். தங்கிய வீட்டில் இரண்டு மூன்று ரொட்டித் துண்டுகளுக்குமேல் கேட்கக் கூச்சம். நாள்தோறும் 10, 12 மைல் நடந்து திரிந்தார். ஒருநாள் ஃபாரிங்டன் தெருவில் மரக்கறி உணவகம் ஒன்று கண்ணிற்பட்டது. இங்கிலாந்து வந்தபின் வயிறார உண்டது அன்றுதான் என்று ‘சத்திய சோதனை’யில் குறிப்பிடுகிறார்.

வழக்கறிஞராகத் தேர்வு மட்டும் போதாது. அக்காலத்தில் பருவத்திற்கு 6 விருந்துகளிலேனும் அமர்ந்தாக வேண்டியிருந்தது. விந்தையான விதிதான்! நால்வருக்கு இரண்டு புட்டி மது. குடிக்காத இவரைத் தம்மோடு சேர்த்துக்கொள்ள ஏனைய மாணவர்கள் விரும்பினர். மூவருக்கே இரண்டு புட்டியும் கிடைக்குமன்றோ!

தமையனார் அனுப்பும் பணம் கரைவது அவர் நெஞ்சை உறுத்தியது. ஒவ்வொரு காசுக்கும் கணக்கெழுதினார். வண்டிக் கூலியை மிச்சப்படுத்த நடந்தார். பின்னர் வாரம் 8 ஷில்லிங் வாடகையில் ஒற்றை அறைக்கு மாறி, காலையில் ஓட்ஸ் கஞ்சியைத் தாமே காய்ச்சினார். இரவில் ரொட்டியும் கொக்கோவும். நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்சில் உணவு முடிந்தது. முன்பு இலத்தீனில் தவறிய மெட்ரிகுலேஷன் தேர்வில் இம்முறை வென்றார்.

1891 ஜூன் 10இல் வழக்கறிஞராகி, 12இல் கப்பலேறினார். வாக்குப் பெற்ற தாயார் மறைந்துவிட்ட செய்தி அப்போது அவருக்குத் தெரியாது.