‘செம பாட்டு மச்சி... எந்தப் படம்?’

காலேஜ் கல்ச்சுரல்ஸ் மேடை. கிட்டார், கீபோர்டு, டிரம்ஸ், மைக்னு நாலு பேர் ஏறுறாங்க. சொந்தமா எழுதி, சொந்தமா மெட்டுப் போட்ட பாட்டு. ஹாஸ்டல் வார்டன் கண்ணுல மண்ணைத் தூவி ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ரிகர்சல் பார்த்தது. பாடி முடிச்சு, வேர்த்து விறுவிறுத்துக் கீழே இறங்கினா, முதல் வரிசையில இருக்கிற நண்பன் கையைக் குலுக்கிக் கேட்பான்: ‘‘செம பாட்டு மச்சி... எந்தப் படம்?’’

தமிழ்நாட்டுல சொந்தப் பாட்டு பாடுற ஒவ்வொரு பேண்டும் இந்தக் கேள்வியைத் தாண்டித்தான் வந்தாகணும். நமக்குப் பாட்டுன்னாலே சினிமாப் பாட்டுதானே! கல்யாண ரிசப்ஷன் லைட் மியூசிக்கா இருக்கட்டும், கோயில் திருவிழா ஆர்க்கெஸ்ட்ராவா இருக்கட்டும், எந்தப் படம்னு சொல்லத் தெரியாத பாட்டுக்கு அங்கே வேலை இல்லை. ராஜாவும் ரஹ்மானும் இருக்கிற ஊர்ல இதைக் குறையாவும் சொல்ல முடியாது, விடுங்க.

ஆனா சினிமாவுக்கு வெளியே பாட்டே இல்லைன்னு யாராவது சொன்னா, வடசென்னைப் பக்கம் ஒரு நடை போயிட்டு வரச் சொல்லணும். சாவு வீட்டுல விடிய விடிய பாடின கானாவுக்கு ஆடியோ கம்பெனியும் கிடையாது, படப் பேரும் கிடையாது. வாய்க்கு வாய் போச்சு, அப்புறம் கேசட்ல போச்சு. பாட்டைக் கைமாத்துற கலை நமக்குப் புதுசு இல்லை. மாறினது சாமான் மட்டும்தான். ரெக்கார்டிங் சென்டர்ல லிஸ்ட் எழுதிக் கொடுத்து கேசட்ல பதிஞ்சு வாங்கின காலம் போய், எம்பி3 சிடி வந்துச்சு. அப்புறம் ‘இங்கு மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்’னு போர்டு வெச்ச செல்போன் கடைகள். ஹாஸ்டல் ரூமுக்கு ரூம் ப்ளூடூத். இப்போ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் ரீல்ஸும்.

இந்த வழியில சினிமா இல்லாத தமிழ்ப் பாட்டு பெருசா உள்ளே வந்ததுக்கு நாம மலேசியாவுக்குத்தான் தேங்க்ஸ் சொல்லணும். 2006-ல் யோகி பி அண்ட் நட்சத்ரா போட்ட ‘வல்லவன்’ ஆல்பம், தமிழ்ல ராப் பண்ணலாம்னு நம்ம பசங்களுக்குக் காட்டுச்சு. அதுலயும் ஒரு கூத்து. அவங்களோட பெரிய ஹிட்டான ‘மடை திறந்து’, ‘நிழல்கள்’ படத்து இளையராஜா பாட்டை வெச்சுக் கட்டினது. ஆக, அதுக்கும் ‘எந்தப் படம்?’னு கேட்டா பதில் இருந்துச்சு!

அடுத்து யூடியூப். 2011-ல் ‘க்ளப்புல மப்புல’ தீயாப் பரவின கதை எல்லாருக்கும் தெரியும். கோவைப் பையன் ஆதியும் ஜீவாவும் சேர்ந்த ஹிப்ஹாப் தமிழா மேல கல்லூரி முழுக்கப் பேச்சு. பொண்ணுங்களுக்கு அட்வைஸ் பண்ற அந்த வரிகளைக் கேட்டுக் கடுப்பானவங்களும் நிறைய பேர், அதுல நியாயமும் இருக்கு. ஆனா, ஆடியோ கம்பெனி வாசல்ல காத்திருக்காம ஒரு பாட்டு ஊரு முழுக்கப் போகும்னு அது காட்டிக் கொடுத்துச்சு. அடுத்த வருஷமே ‘ஹிப்ஹாப் தமிழன்’ ஆல்பம். 2015-ல் ‘ஆம்பள’ படத்துக்கு இசையமைப்பாளர்கள். 2017-ல் தங்கள் கதையையே ‘மீசைய முறுக்கு’ன்னு படமா எடுத்துட்டாங்க. இண்டிபெண்டன்டா கிளம்பினவங்க கடைசியில சினிமா கேட்டுக்குள்ளே போறது இங்கே எழுதாத சட்டம் போல.

இன்னொரு பக்கம், ஹிட் அடிக்கிறதுக்காக இல்லாம ஒரு விஷயத்தைச் சொல்லியே தீரணும்னு வந்த பாட்டுகள். 2015 ஜூலையில் சென்னைப் பொண்ணு சோஃபியா அஷ்ரஃப் பாடின ‘கொடைக்கானல் வோன்ட்’ ராப், தெர்மாமீட்டர் ஃபேக்டரியோட பாதரசக் கழிவைப் பத்தினது. பாட்டு உலகம் சுத்துச்சு. அந்த ஃபேக்டரியில வேலை பார்த்த 591 பேரோட 2016 மார்ச்சில் கம்பெனி உடன்பாடு செஞ்சது. பாட்டால மட்டுமே நடந்துச்சுன்னு சொன்னா அது பொய். தொழிலாளர்கள் அதுக்குப் பல வருஷம் முன்னாடியே போராட ஆரம்பிச்சுட்டாங்க. கொடைக்கானல் பக்கம் திரும்பாத காதுகளைத் திருப்பினது பாட்டு. 2017 ஜனவரியில் எண்ணூர்ல நின்னு டி.எம்.கிருஷ்ணா பாடின ‘சென்னை பொறம்போக்குப் பாடல்’ அதே ரகம். வரிகள் எழுதினது கபேர் வாசுகி. கர்நாடக இசையில ‘பொறம்போக்கு’ங்கிற வார்த்தை! சபா கேன்டீன்ல எத்தனை பேருக்குக் காபி புரையேறுச்சோ...

இதெல்லாம் ஸ்க்ரீன்ல நடந்தது. மேடையில ஒரு பேண்டு ஊரையே திரும்பிப் பார்க்க வெச்சது 2018 ஜனவரி 6-ம் தேதி, கீழ்ப்பாக்கத்துல. இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கின ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதியற்ற தமிழர்’ங்கிற சொல்லிலிருந்து வந்த பேரு. 19 கலைஞர்கள். கானாவும் ராப்பும் ராக்கும் ஒண்ணு மேல ஒண்ணு. சாவு வீட்டுக்குன்னு ஒதுக்கி வெச்ச இசை கோட்டு சூட்டு போட்டு நடுமேடைக்கு வந்துச்சு. இட ஒதுக்கீட்டைப் பத்தி, மாட்டுக்கறியைப் பத்திப் பாட்டு. அந்த பேண்டுல பாடின இசைவாணி 2020-ல் பிபிசியோட ‘100 பெண்கள்’ பட்டியல்ல இடம் பிடிச்சாங்க. கானா ஆம்பளைங்க சமாச்சாரம்னு சொன்னவங்க இப்போ என்ன சொல்றாங்களோ!

ஒண்ணு கவனிச்சீங்களா? அந்தப் பாட்டுகளை நம்மகிட்ட சேர்த்தது யூடியூபும் ஷேர் பட்டனும்தான். ஆனா அந்தக் கூட்டத்துல நேர்ல நின்னு கேட்டவன் யாரும் ‘எந்தப் படம்?’னு கேட்டிருக்க மாட்டான். பாட்டு யாரோடதுன்னு எதிர்ல நின்னு பாடும்போதே தெரிஞ்சுடும். லிங்க்ல அது அவ்வளவு சீக்கிரம் தெரியாது.

அங்கேதான் சிக்கலே! 2021 மார்ச் 7-ம் தேதி வெளியான ‘என்ஜாய் எஞ்சாமி’யை எடுத்துக்குங்க. அறிவு, தீ, சந்தோஷ் நாராயணன். எந்தப் படமும் இல்லை, எந்த ஹீரோவும் இல்லை. யூடியூப்ல 40 கோடி பார்வைகளைத் தாண்டிப் போன பாட்டு. ‘ஜெயிச்சாச்சு’ன்னு நாம காலரைத் தூக்கி விட்டுக்கிட்டோம். அதே வருஷம் ஆகஸ்ட்ல ஒரு பத்திரிகை அட்டையில அறிவு இல்லைன்னு சர்ச்சை. 2022-ல் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவுல அறிவு இல்லாம அந்தப் பாட்டு ஒலிச்சப்போ, யாரு எழுதினது, யாரு மெட்டுப் போட்டதுன்னு மூணு பேரும் தனித்தனியா அறிக்கை விடுற அளவுக்குப் போச்சு. 2024 மார்ச்சில், பாட்டுக்கு மூணு வயசு ஆனப்போ, சந்தோஷ் நாராயணன் வீடியோ போட்டு இன்னொரு குண்டைப் போட்டார். பாட்டை வெளியிட்ட மாஜா தளத்திலிருந்து தனக்கோ மத்த கலைஞர்களுக்கோ வருமானம் வந்து சேரலைன்னார். இது அவர் தரப்பு. பஞ்சாயத்துல யார் பக்கம் நியாயம்னு தீர்ப்புச் சொல்றது நம்ம வேலை இல்லை. ஆனா அவ்வளவு பெரிய ஹிட்டுக்கே இந்தக் கதின்னா, கேன்டீன்ல உருவாகிற நம்ம பேண்டு எந்த மூலைக்கு?

கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். ஸ்பாடிஃபைக்குள்ளே நீங்களா பாட்டை ஏத்த முடியாது. டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் மாதிரி ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் வழியாத்தான் போகணும். 2024-லிருந்து, 12 மாசத்துல 1,000 தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்கு அங்கே ரெக்கார்டிங் ராயல்டி கிடையாது. யூடியூப் விளம்பரக் காசுக்கு 1,000 சப்ஸ்கிரைபரும், ஒரு வருஷத்துல 4,000 மணி நேரப் பார்வையும் வேணும் (ஷார்ட்ஸுக்குத் தனிக் கணக்கு). பேண்ட்கேம்ப்ல நேரா ரசிகனுக்கே விற்கலாம். டிஜிட்டல் விற்பனையில 15 சதவீதம்தான் எடுத்துக்கறாங்க. நம்ம ஊர்ல பாட்டைக் காசு கொடுத்து வாங்குற ரசிகனைத் தேடறதுதான் கஷ்டம். சினிமாப் பாட்டை கவர் பண்ணிப் போட்டா வியூஸ் சுலபமா வரும். அதுல வர்ற காசைப் பெரும்பாலும் ஆடியோ கம்பெனி கிளெய்ம் பண்ணிடும். லைக்ஸ் உங்களுக்கு, துட்டு அவங்களுக்கு!

சொந்தப் பாட்டுக்கு ஒரு கவசம் இருக்கு, பலருக்குத் தெரியறதில்லை. 2012-ல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டப்படி, பாட்டு எழுதினவரும் மெட்டுப் போட்டவரும் ராயல்டியில தங்களுக்குரிய சம பங்கை எந்த கம்பெனிக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. ‘எல்லா உரிமையும் கம்பெனிக்கே’ன்னு ஒப்பந்தத்துல கையெழுத்து வாங்கினாலும் அந்தப் பங்கு போகாது. சினிமாவுல இல்லாத தனிப் பாட்டுக்கும் இது உண்டு. அந்த ராயல்டியை வசூலிச்சுத் தர்ற அமைப்பு ஐபிஆர்எஸ். வரி எழுதினவங்களும் மெட்டுப் போட்டவங்களும் அதுல உறுப்பினரா சேரலாம்.

அதுக்கு முன்னாடி, பாட்டை அப்லோடு பண்ற ராத்திரியே ஒரு ஏ4 ஷீட்டை எடுங்க. வரி யாரு, மெட்டு யாரு, டிரம்மருக்குப் பங்கு உண்டா, எத்தனை சதவீதம்னு எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்க. நட்புக்குள்ளே எதுக்குடா பேப்பர்னு ஒருத்தன் கண்டிப்பா கேட்பான். அவன்கிட்டதான் முதல் கையெழுத்து வாங்கணும். ஹிட் ஆனப்புறம் பேசிக்கலாம்னு விட்டா, அப்போ பேண்டோட வாட்ஸ்அப் குரூப்ல பாதிப் பேர் ‘லெஃப்ட்’ ஆகியிருப்பாங்க.